தோல் பந்தும் மண் குவளையும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ பாலாற்று மணலில் இறங்கிப் பாருங்கள். வாரம் முழுவதும் தோலோடு மல்லுக்கட்டிய வாலிபர்கள் அன்று மட்டையும் பந்துமாக நிற்பார்கள். மூன்று குச்சிகள், ஒரு பந்து, ஓயாத கூச்சல். நம் தோழர்களில் மூத்தவர்கள் சிலருக்கு இது பிடிப்பதில்லை. வெள்ளைக்காரன் விட்டுப்போன ஆட்டம், ராஜாக்களும் ஜமீன்தார்களும் வளர்த்த ஆட்டம், பாட்டாளி வீட்டுப் பிள்ளைக்கு இதில் என்ன வேலை என்று கேட்கிறார்கள். நாமும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவர்கள்தாம். இப்போது கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை என்பதைத்தான் இன்று எழுதப் புகுந்திருக்கிறோம்.

அந்தப் பந்தை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். பெரிய பந்தயங்களில் வீசுகிற பந்தைச் சொல்கிறோம். ஐந்தரை அவுன்சுக்குக் குறையாத எடை. உள்ளே தக்கை, அதைச் சுற்றி இறுக்கிய நூல், மேலே மாட்டுத் தோல். படிகாரம் போட்டுப் பதப்படுத்திய தோல். மீரட்டிலும் ஜலந்தரிலும் தோல் தொழிலாளிகள் உட்கார்ந்து ஊசியும் நூலுமாகத் தைத்து அனுப்புகிற பொருள் அது. சுண்ணாம்புக் குழியில் கை வெந்தவனுக்கு, தோலின் மேல்புறம் எது, சதைப்புறம் எது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லத் தெரிந்தவனுக்கு, அந்தப் பந்து அந்நியப் பொருள் அல்ல.

அந்தப் பந்தை வீசி இந்தியாவில் முதன்முதலாகப் பெரும் பெயர் எடுத்தவன் எந்த அரண்மனையிலிருந்து வந்தான்? அரண்மனையிலிருந்து வரவில்லை, தோழர்களே! வடநாட்டிலே சமார் என்று அழைத்து, ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்த தோல் தொழில் சாதியிலிருந்து வந்தான். பல்வங்கர் பாலு என்பது அவர் பெயர்.

பாலுவின் குடும்பத்துக்குப் பூர்விகம் கொங்கணக் கரையில் பல்வன் என்ற கிராமம். அதனால்தான் பல்வங்கர். பாலு பிறந்தது 1870களின் நடுவில், தார்வாரில். தகப்பனார் பட்டாளத்தை நம்பிப் பிழைத்தவர். பிழைப்பு அந்தக் குடும்பத்தைப் பூனாவுக்குக் கொண்டுவந்தது.

பூனாவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும். அது ஒரே ஊரல்ல, இரண்டு ஊர். ஒன்று பேஷ்வாக்கள் ஆண்ட பழைய நகரம். பண்டிதர்களும் சாஸ்திரிகளும் நிறைந்தது. தாழ்த்தப்பட்டவனின் நிழல் கூடத் தெருவில் விழக்கூடாது என்று சட்டம் வைத்திருந்ததாகப் பேர் வாங்கிய நகரம். மற்றொன்று வெள்ளைக்காரன் கட்டிய பட்டாள ஊர். பாசறைகள், குதிரைக் கொட்டடிகள், பக்கத்தில் கிர்க்கியில் துப்பாக்கித் தோட்டா செய்யும் தொழிற்சாலை, துரைமார்களின் கிளப்புகள். கோட்டையும் பட்டாளமும் பார்த்த வேலூர்க்காரர்களுக்கு இது விளங்கும். பழைய நகரத்தில் கால் வைக்க இடமில்லாத சாதிக்காரனுக்குப் பட்டாள ஊரில் ஒரு கூலி கிடைத்தது. துரைக்கு அவன்மேல் தனி அன்பு ஒன்றும் இல்லை; வேலை செய்ய ஆள் வேண்டியிருந்தது. கூலி என்னவோ கூலிதானே! மகாராஷ்டிரத்தில் தாழ்த்தப்பட்ட மக்களிடையே முதலில் எழுத்தறிவும் துணிவும் பெற்ற குடும்பங்களில் பல, பட்டாளத்தின் ஓரத்தில் வளர்ந்தவை. அம்பேத்கரின் தகப்பனாரும் பட்டாளத்தில் சுபேதாராக இருந்தவர் என்பது தோழர்கள் அறிந்ததே.

அந்த வீட்டிலே நான்கு பையன்கள் முக்கியம். மூத்தவர் பாலு. பிறகு சிவராம், கண்பத், வித்தல். துரைமார்கள் அடித்து உடைந்து போட்ட மட்டை, தேய்ந்து தூக்கியெறிந்த பந்து, இவைதாம் பையன்களுக்கு விளையாட்டுச் சாமான்கள். பண்டிகைக்குத் துணி வாங்கவே யோசிக்கிற வீட்டில் மட்டை யார் வாங்கித் தருவது?

மூத்த பிள்ளை என்றால் என்ன அர்த்தம் என்று நம் பக்கத்து வீடுகளில் கேட்டுப் பாருங்கள். படிப்பை நிறுத்து, வேலைக்குப் போ என்று அர்த்தம். பாலுவுக்கும் அதுவே நடந்தது. பள்ளியை விட்டுவிட்டு, பூனாவில் பார்சிகள் நடத்திய கிரிக்கெட் கிளப்பில் வேலைக்குச் சேர்ந்தார். ஆடுகிற வேலையல்ல. மைதானத்தைப் பெருக்கும் வேலை, உருளை இழுக்கும் வேலை. மாதச் சம்பளம் 3 ரூபாய். பிறகு 1892 வாக்கில் துரைமார்களின் பூனா கிளப்புக்கு மாறினார். சம்பளம் 4 ரூபாய். ஒரு ரூபாய் உயர்வுக்காக எத்தனை பேர் ஒரு தோல் ஷாப்பை விட்டு இன்னொரு தோல் ஷாப்புக்குப் போகிறார்கள் என்பது நமக்குத் தெரியாதா?

உருளை இழுக்க வேண்டும், கோடு போட வேண்டும், வலை கட்ட வேண்டும். துரைமார் பயிற்சி செய்ய வந்தால் பந்தும் வீசிக் கொடுக்க வேண்டும். இடக்கைக்காரர் பாலு. வெள்ளைக்கார ஆட்டக்காரர் ஒருவரின் இடக்கை வீச்சைக் கூர்ந்து பார்த்துப் பார்த்துத் தன் கையைப் பழக்கிக்கொண்டார். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. ஓரமாக நின்று பார்த்தே தொழில் கற்றவர். பெரிய மேஸ்திரியின் கையைப் பார்த்துக் கத்தி பிடிக்கக் கற்ற எத்தனையோ தோழர்களைப் போல.

கிரெய்க் என்று ஒரு ராணுவ அதிகாரி இருந்தார். இங்கிலாந்தில் ஹாம்ப்ஷயர் அணிக்காக ஆடியவர், அந்நாளில் இந்தியாவிலிருந்த வெள்ளைக்கார ஆட்டக்காரர்களில் முதல் வரிசைக்காரர். மற்றவர்கள் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே அவர் மைதானத்துக்கு வந்து பாலுவைப் பந்து வீசச் சொல்லுவார். தம்மை ஒருமுறை ஆட்டமிழக்கச் செய்தால் எட்டணா இனாம் என்று ஏற்பாடு செய்திருந்தாராம். இது வழிவழியாகச் சொல்லப்படும் கதை. நான்கு ரூபாய்ச் சம்பளக்காரனுக்கு எட்டணா என்றால் சம்பளத்தில் எட்டில் ஒரு பங்கு! வாரம் ஒருமுறை துரையை வீழ்த்தினால் வீட்டுக்கு மாதம் 2 ரூபாய் கூடுதல். மாவுக்கும் எண்ணெய்க்கும் அந்த எட்டணா போயிருக்கும். நுணுக்கமாகப் பந்து வீசுவது பாலுவுக்குக் கலை என்பது அப்புறம். முதலில் அது வீட்டுச் செலவு.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். ஆண்டுக் கணக்கில் ஆயிரக் கணக்கான பந்துகளை அந்தத் துரைமார்களுக்கு வீசினார் பாலு. அவர் கையில் மட்டை கொடுத்து, நீயும் அடி என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. பந்து வீசுவது உழைப்பு, அது கூலிக்காரனுக்கு. மட்டை பிடிப்பது இன்பம், அது எஜமானனுக்கு. ஆட்டத்துக்குள்ளேயும் வேலைப் பிரிவினை!

துரைமார் கிளப்பில் இப்படி ஒரு கை இருக்கிறது என்ற சேதி பழைய நகரத்துக்கு எட்டியது. பூனாவின் இந்துக் கிளப்புக்காரர்களுக்கு வெள்ளையரை வெல்ல வேண்டும் என்ற வெறி. ஆனால் பாலுவைச் சேர்ப்பதா? சங்கடம்! உறுப்பினர்களில் தெலுங்கர் சிலர் சேர்க்கலாம் என்றனர். உள்ளூர்ப் பார்ப்பனர் பலர் கூடாது என்றனர். கடைசியில் வெற்றி ஆசை சாதி ஆசாரத்தை முந்திக்கொண்டது. சேர்த்துக்கொண்டார்கள்.

எப்படிச் சேர்த்துக்கொண்டார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மைதானத்தில் பாலு வீசிய பந்தைப் பிராமண ஆட்டக்காரர் பிடிப்பார், திரும்ப அவரிடமே எறிவார். அதே தோல் பந்து, அதே வியர்வை, தீட்டில்லை. தேநீர் இடைவேளை வந்ததும் தீட்டு வந்துவிடும். மற்றவர்கள் உள்ளே உட்கார்ந்து பீங்கான் கோப்பையில் தேநீர் குடிப்பார்கள். பாலு வெளியே நிற்க வேண்டும். குடித்துவிட்டு எறிந்துவிடுகிற மண் குவளையில் அவருக்குத் தேநீர் வரும். சாப்பாட்டுக்குத் தனி மேசை, தனித் தட்டு. முகம் கழுவ வேண்டுமானால் ஒரு மூலையில் போய் நிற்க வேண்டும். தாழ்த்தப்பட்ட வேலையாள் ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவார். காலையில் ஐந்து விக்கெட் எடுத்திருந்தாலும் மாலையில் மண் குவளைதான்.

இரட்டைக் குவளை என்றால் என்னவென்று தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கு விளக்கத் தேவையில்லை. கிராமத்துத் தேநீர்க் கடையில் கண்டதை, படித்தவர்களும் வக்கீல்களும் உட்கார்ந்திருந்த கிளப்பிலும் கண்டார்கள் என்பதைச் சொல்ல வந்தோம்.

சதாராவில் ஒரு பந்தயம் நடந்தது. பாலுவின் பந்து திரும்பாதிருக்க வேண்டும் என்று அங்கிருந்த வெள்ளையர் நாள் கணக்கில் மைதானத்தை உருட்டி இறுக்கி வைத்திருந்தார்களாம். அப்படியும் பாலு ஏழு பேரை வீழ்த்தினார். யானை மீது ஏற்றி ஊர்வலம் விட்டார்கள். பூனா திரும்பியதும் நீதிபதி ரானடே அவருக்குப் பொதுக்கூட்டத்தில் மாலை சூட்டி, சேர்ந்து விளையாடுகிறவர்கள் சேர்ந்து உண்ணவும் வேண்டாமா என்ற பொருளில் பேசினார் என்பார்கள். யானை ஒரு நாள் வந்தது. மண் குவளை எத்தனையோ நாள் வந்தது.

1896இல் பிளேக் நோய் பம்பாயில் தலைகாட்டி, அடுத்து பூனாவையும் பிடித்துக்கொண்டது. அந்தக் காலத்தில் இந்தக் குடும்பம் பம்பாய்க்குப் பெயர்ந்தது. பாலு கொஞ்ச காலம் ராணுவத்தில் இருந்தார், பிறகு பம்பாய் பரோடா ரயில்வேயில் வேலை கிடைத்தது. பம்பாயின் இந்து ஜிம்கானாவிலும் அதே எதிர்ப்பு, அதே பேரம். ஆனால் திறமை வேண்டியிருந்தது, சேர்த்துக்கொண்டார்கள். தம்பி சிவராமும் அணிக்கு வந்தார். சிவராம் மட்டைக்காரர். அண்ணன் கைக்கு வராத மட்டை தம்பி கைக்கு வந்தது.

பம்பாயில் அன்று பந்தயங்களே மதவாரி அணிகளாக நடந்தன. வெள்ளையர் ஒரு பக்கம், பார்சிகள் ஒரு பக்கம், இந்துக்கள் ஒரு பக்கம், பிறகு 1912 முதல் முஸ்லிம்களும். ஆட்சியிலிருந்தவனுக்கு இந்த ஏற்பாடு பிடித்திருந்ததில் ஆச்சரியம் என்ன? 1906 பிப்ரவரியில் இந்து அணி வெள்ளையர் அணியை 109 ரன் வித்தியாசத்தில் வென்றது. வங்கப் பிரிவினை எதிர்ப்பும் சுதேசியும் கொதித்துக்கொண்டிருந்த நேரம். நாடெங்கும் கொண்டாட்டம். வென்ற அணியில் அண்ணன் தம்பி இருவரும் இருந்தார்கள்.

1911இல் பாட்டியாலா மகாராஜா தலைமையில் ஓர் இந்திய அணி இங்கிலாந்து போயிற்று. பெரும்பாலும் தோற்றுத் தோற்றே திரும்பியது. மகாராஜா விருந்துகளில் மும்முரமாக இருந்தார். பாலு பந்து வீசிக்கொண்டே இருந்தார். அந்தப் பயணத்தில் அவர் வீழ்த்தியது 114 விக்கெட்டுகள். மைதானம் பெருக்கப் போன பையனை இங்கிலாந்தின் பெரிய மைதானங்கள் எழுந்து நின்று பார்த்தன. சிவராமும் உடன் போயிருந்தார்.

திரும்பி வந்தபோது பம்பாயில் தாழ்த்தப்பட்ட மக்கள் கூடி ஒரு வரவேற்பு வைத்தார்கள். அந்த வரவேற்பு மடலை எழுதியவர் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இருபது வயது இளைஞர் பீமராவ் அம்பேத்கர் என்று வரலாற்றாசிரியர்கள் குறிக்கிறார்கள். இந்த இருவர் பாதையும் பின்னால் எப்படிப் பிரிந்தது என்பதற்கு வருவோம்.

இவ்வளவும் ஆன பிறகு, அணிக்குத் தலைவர் யார்? அனுபவத்தில் மூத்தவர் பாலு. விக்கெட் கணக்கில் அவருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் தலைமை அவருக்கு வரவில்லை. எம். டி. பாய் என்ற பிராமண ஆட்டக்காரரைத் தலைவராக்கினார்கள். அந்தப் பாய் நேர்மையானவர். அந்தப் பதவி பாலுவுக்குத்தான் போயிருக்க வேண்டும் என்று கூட்டத்திலேயே சொன்னார். மேடையில் கைதட்டினார்கள். அடுத்த ஆண்டும் பாலு தலைவரில்லை. அதற்கடுத்த ஆண்டும் இல்லை. மேஸ்திரியாகத் தகுதி இருந்தும் ஆயுள் முழுவதும் கையாளாகவே ஓய்வு பெறுகிற மனிதரை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பாலு அப்படிப்பட்டவர். வாய் திறவாதவர். பந்து பேசட்டும் என்றிருந்தவர். பந்து பேசத்தான் செய்தது. கமிட்டியின் காதில் விழவில்லை.

தம்பி வித்தல் வேறு மாதிரி. நால்வரிலும் இளையவர், மட்டை வீச்சில் மிகச் சிறந்தவர். அண்ணன் நின்ற வாசலில் தானும் நிற்க அவர் தயாராக இல்லை.

1920 வந்தது. முஸ்லிம் அணிக்கு எதிரான பந்தயம். பாலுவுக்கு வயது ஆகிவிட்டது என்று அணியிலிருந்தே நீக்கினார்கள். பாய்க்கு உடல்நலமில்லை, தலைவராக வேறொருவர் வேண்டும். வரிசைப்படி பார்த்தால் வித்தல். கமிட்டி தேர்ந்தெடுத்ததோ பூனாவின் தேவதரை. தேவதர் சிறந்த ஆட்டக்காரர், அதில் சந்தேகமில்லை. பிற்காலத்தில் அவர் பெயரிலேயே கோப்பை வைத்தார்கள். அவர்மீது நமக்கு வழக்கில்லை. வழக்கு கமிட்டியின் மீது.

வித்தலும் சிவராமும் ஆட மறுத்தார்கள். வீட்டில் முணுமுணுத்துவிட்டு நின்றுவிடவில்லை. காரணத்தைக் கூறி அறிக்கை விட்டார்கள். தகுதியைப் பார்க்காமல் சாதியைப் பார்த்து ஒதுக்குவது தங்கள் சுயமரியாதையைக் குத்துகிறது என்பது அதன் சாரம். ஊரில் பேச்சு கிளம்பியது. தீண்டாமையை ஒழிக்காமல் சுயராஜ்யம் பேசுவதா என்ற கேள்வி அந்த ஆண்டில் காங்கிரசுக்குள்ளேயே எழுந்திருந்த நேரம். டிசம்பரில் நாகபுரி மாநாட்டில் அது தீர்மானமாகவும் வந்தது. ஜிம்கானாக்காரர்கள் திணறினார்கள்.

பலன்? பார்சிகளுக்கு எதிரான அடுத்த பந்தயத்துக்குப் பாலுவைத் திரும்ப அழைத்தார்கள். துணைத் தலைவர் என்று பட்டமும் கொடுத்தார்கள். தம்பிகள் திரும்பினார்கள். பந்தயத்தின் நடுவே தலைவர் பாய் மைதானத்தை விட்டுச் சிறிது நேரம் வெளியே போனார். அந்த நேரம் அணியை நடத்தியவர் பாலு. இருபதாண்டுக் காலம் விக்கெட் எடுத்தும் கிடைக்காத ஒன்று, இரண்டு தம்பிகள் கையைக் கட்டிக்கொண்டு வெளியே நின்றதும் கிடைத்தது, அதுவும் சில மணி நேரத்துக்கு. தொழிற்சங்கம் வைத்தவனுக்கு இந்தக் கணக்குப் புதிதா? ஒற்றை ஆள் கொடுக்கிற மனு மேனேஜர் மேசையின் அடி இழுப்பறையில் தூங்கும். நாலு பேர் வாசலுக்கு வெளியே நின்றால் அதே மேனேஜர் எழுந்து வருவார். அந்த வீட்டில் நான்கு பிள்ளைகள் இருந்தது நல்லதாகப் போயிற்று!

1923இல் வித்தல் பல்வங்கரை இந்து அணியின் தலைவராக்கினார்கள். அந்த ஆண்டு அவர் தலைமையில் அணி வெள்ளையரை வென்றது. வென்ற தலைவரை உயர்சாதி வாலிபர்கள் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பாலு அப்போது ஆட்டத்திலிருந்து ஓய்ந்துவிட்டார்.

இத்துடன் கதையை நிறுத்திவிட்டால் சுகமாக இருக்கும். ஆனால் தோழர்களுக்கு மீதியையும் சொல்வதுதான் முறை. 1932இல் தாழ்த்தப்பட்டோருக்குத் தனித் தொகுதியா, கூட்டுத் தொகுதியா என்ற பெரும் பிரச்சினை எழுந்தபோது பாலு நம் எம். சி. ராஜாவோடு கூட்டுத் தொகுதிப் பக்கம் நின்றார். எரவாடாவில் காந்தியார் உண்ணாவிரதம் இருக்க, செப்டம்பர் 24ஆம் நாள் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதில் அம்பேத்கரும் இருக்கிறார், எம். சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் இருக்கிறார்கள், பாலுவும் இருக்கிறார். மைதானம் பெருக்கியவர் கையெழுத்து, அதே பூனாவில், நாட்டின் தலைவிதியைப் பேசிய காகிதத்தில்!

1937 தேர்தலில் அம்பேத்கர் தமது சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் சார்பில் பம்பாயில் நின்றார். அவரை வீழ்த்த ஆள் தேடிய காங்கிரஸ், பாலுவை நிறுத்தியது. அம்பேத்கருக்கு 13,245 வாக்கு. பாலுவுக்கு 11,225. தோற்றார். அந்தப் போட்டிக்குப் பாலு இசைந்தது தவறு என்பது நமது கருத்து. தொழிலாளர் கட்சி ஒன்று எழுந்து வந்தபோது அதற்கு எதிரே தோல் தொழிலாளி வீட்டுப் பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்திய தந்திரத்துக்கு அவர் இடம் கொடுத்திருக்கக் கூடாது. ஆனால் அதற்காக அவரைத் துரோகி என்று எழுதுகிறவர்களோடு நாம் சேரமாட்டோம். கதவு திறக்கிறவரை வாசலில் பொறுத்து நிற்பது அவர் கற்ற வழி. வித்தல் கற்ற வழி வேறு. அம்பேத்கர் கற்ற வழி முற்றிலும் வேறு. ஒரே வீட்டில் பிறந்தவர்களுக்குள்ளேயே வழி வேறுபட்டபோது, இரண்டு வீட்டில் பிறந்தவர்களைப் பற்றிச் சொல்வானேன்!

வித்தல் பிறகு தமது ஆட்ட வாழ்வை மராத்தியில் நூலாக எழுதி 1948இல் வெளியிட்டார். பாலு எதுவும் எழுதவில்லை. முதல்தரப் பந்தயங்களில் 179 விக்கெட்டுகள், ஒரு விக்கெட்டுக்குச் சுமார் 15 ரன் என்று அவர் கணக்குப் பதிவேட்டில் நிற்கிறது.

1955 ஜூன் முதல் நாள் தீண்டாமைக் குற்றச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. சிற்றுண்டிச் சாலையில் எல்லோருக்குமாக வைத்திருக்கும் பாத்திரத்தைத் தீண்டாமையின் பேரால் ஒருவனுக்கு மறுத்தால் சிறையோ அபராதமோ உண்டு என்றது அந்தச் சட்டம். பல்வங்கர் பாலு பம்பாயில் காலமானது அதே ஆண்டு ஜூலை 4ஆம் நாள். இடையில் இருந்தது முப்பத்து மூன்று நாள்.